தம்பி பின்வாங்கிப்போனானா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி ஏழு வருடம் சபையில் கீபோட் வாசித்தவன், வாலிபர் கூட்டத்தை நடத்தியவன். ஒன்றரை வருடமாகச் சபைப் பக்கமே போவதில்லை. கேட்டால், "எனக்கு இப்ப நம்பிக்கை இல்லை அக்கா, நடிக்க ஏலாது" என்கிறானாம். போதகர் வீட்டுக்கு வந்து எபிரெயர் 6ஆம் அதிகாரத்தை வாசித்து, ருசிபார்த்த பிறகு விட்டவனுக்குத் திரும்பிவர வழியில்லை என்று சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். வேறு சபைக்குப் போகும் மாமாவோ, "இரட்சிக்கப்பட்டவன் விழமாட்டான், இவன் ஒருநாளும் இரட்சிக்கப்படவேயில்லை" என்கிறார். அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஹோலில் துணி போட்டு மூடிக் கிடக்கிற கீபோட்டைச் சபைக்கே கொடுத்துவிடலாமா என்றும் அம்மா கேட்கிறாராம். போதகர் சரியா, மாமா சரியா என்பது கேள்வி.

இரண்டு பேருக்கும் வசனம் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையைக் காட்டி அந்த வசனத்தைச் சொல்ல இரண்டு பேருக்கும் அதிகாரம் இல்லை. இதை நான் இளகிய மனதால் சொல்லவில்லை. கடுமையான கோட்பாடுகளை எழுதிவைத்த சபைகளே அப்படித்தான் சொல்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் போதகர் வாசித்த இடம். "மறுதலித்துப்போனவர்கள்" மனந்திரும்பும்படி அவர்களை மறுபடியும் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்பது எபிரெயர் 6:6. வேதாகமத்திலேயே நெஞ்சை அடைக்கிற வசனங்களில் இது ஒன்று, அதை மழுப்ப நான் வரவில்லை. ஆனால் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று 10ஆம் அதிகாரத்தில் பாருங்கள். விசுவாசத்துக்காக ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்கள், நிந்தைப்பட்டவர்கள், சிறையிலிருந்தவர்களைப் போய்ப் பார்த்தவர்கள். இப்போது களைத்துவிட்டார்கள், கூடிவருவதைச் சிலர் நிறுத்திவிட்டார்கள். 83 கலவரத்தில் வீட்டுச் சாமானெல்லாம் தெருவில் எரிவதைப் பார்த்த குடும்பங்கள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. அப்படியான ஆட்களுக்குத்தான் அந்தக் கடிதம். இன்னும் உள்ளே இருக்கிற, கால் தளர்ந்த ஆட்களுக்கு.

வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் ரயில் பாதையைக் கடக்கத்தான் வேண்டும். அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை நின்றால், அது தண்டவாளத்தை நோக்கி நடந்து வருகிறவனுக்கு. அடிபட்டுக் கிடக்கிறவனுடைய தாயிடம் அந்தப் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. உங்கள் போதகர் செய்தது அதுதான். எபிரெயரை எழுதியவர்கூட அந்தப் பயங்கரமான வசனங்களுக்குப் பிறகு மூச்சுவிடாமல், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்று தொடங்கி, உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். அது 9ஆம் வசனம். போதகர் 8இல் புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது.

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் எபிரெயர் 6இல் வருகிற 'மறுதலி' என்ற சொல்தான் பேதுருவுக்கும் வருகிறது: சேவல் கூவுமுன்னே மூன்றுதரம் மறுதலிப்பாய். கிரேக்கத்தில் இவை வெவ்வேறு சொற்கள். எபிரெயரில் இருப்பது வழியைவிட்டு விலகி விழுதல், பேதுருவில் இருப்பது 'தெரியாது' என்று மறுத்தல். ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒரே ஒலி. அதனால் எபிரெயர் 6 வாசிக்கிறபோது நெருப்பண்டையில் குளிர்காய்ந்துகொண்டு சத்தியம் பண்ணி மறுத்த பேதுருதான் நம் மனதில் வருகிறார். வரட்டும். அவர் திரும்பி வந்தவர்.

'கூடாதகாரியம்' என்பதைப் பற்றியும் சிலர் ஒன்று சொல்வார்கள். ஐசுவரியவான் பரலோகம் போவதைப் பற்றி இயேசு "மனுஷரால் இது கூடாதது" என்றபோது கிரேக்கத்தில் அதே சொல்தான், ஆகவே தேவனால் கூடும் என்பார்கள். நல்ல வாதம். ஆனால் அதே 6ஆம் அதிகாரத்தில் தேவன் பொய் சொல்வது கூடாதது என்பதற்கும் அதே சொல்தான் வருகிறது. ஆகவே நான் அதன்மேல் பாரம் வைக்கமாட்டேன். வசனம் கடினமானது, கடினமாகவே இருக்கட்டும்.

மாமாவின் வாதத்துக்கு வருவோம். 1 யோவான் 2:19 அவர் கையில் இருக்கும்: நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆனால் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை. யோவான் பேசுகிறது இயேசுவைக் கிறிஸ்து அல்ல என்று போதித்து, மற்றவர்களையும் இழுக்கப் பார்த்த ஒரு கூட்டத்தைப் பற்றி. 'நடிக்க ஏலாது' என்று வீட்டுக்குள் அடங்கிப்போன ஒரு பொடியனை அந்தச் சட்டைக்குள் திணிக்க முடியாது. அதைவிட, அந்த வாதத்தில் எனக்கு வேறொரு பிரச்சினை இருக்கிறது. அவன் நாளைக்குத் திரும்பி வந்தால் 'முதலிலிருந்தே இரட்சிக்கப்பட்டவன்' என்பார்கள், வராவிட்டால் 'எப்போதும் இல்லை' என்பார்கள். எது நடந்தாலும் மாமா தோற்கமாட்டார். ஆனால் அம்மா தோற்பார். ஏழு வருடம் கண்ணீரோடு ஜெபித்த ஒரு பிள்ளையின் விசுவாசம் போலி என்றால், என்னுடையது மட்டும் அசல் என்று எனக்கு யார் சொல்வது என்று அந்தத் தாய் இரவில் யோசிக்கத் தொடங்குவார். சாப்பாடு இறங்காததற்குப் பாதிக் காரணம் அதுவாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சண்டை நம் வீட்டில் தொடங்கியது அல்ல. கொழும்பில் ஒரு மணித்தியால நடைக்குள் இதன் மூன்று பக்கங்களையும் பார்க்கலாம்.

வொல்வெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம், 1749இல் தொடங்கி 1757இல் முடித்தது. உள்ளே போனால் சுவரின் தடிப்பே ஒரு உபதேசம். அந்தச் சபையின் கோட்பாடு 1618-19இல் ஒல்லாந்தில் கூடிய டோர்ட் மகாசபையிலிருந்து வந்தது. தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை அவரே காப்பார் என்பது அதன் ஐந்தாவது தலைப்பு. மாமாவின் பேச்சுக்கு மூலம் இதுதான். ஆனால் மாமா மூலத்தை வாசித்திருக்கமாட்டார். அந்தத் தலைப்பிலேயே தாவீதும் பேதுருவும் விழுந்த விழுகை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் பாரமான பாவத்தில் விழலாம், தேவ தயவின் உணர்வையே கொஞ்சக் காலம் இழந்துபோகலாம் என்கிறது. எச்சரிப்புகளும் பயமுறுத்தல்களும்கூட தேவன் தம்முடையவர்களைக் காக்கப் பயன்படுத்தும் வழிகள் என்கிறது. நடுவழியில் நிற்கிற ஒருவனைப் பார்த்து 'இவன் இல்லை' என்று பெயர் வெட்ட அது யாருக்கும் பேனா கொடுக்கவில்லை.

அங்கிருந்து இறங்கிப் புறக்கோட்டைக்குள் போனால் மெதடிஸ்த ஆலயம், 1816. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் வழி. உண்மையாய் விசுவாசித்தவனும் விழலாம், கெட்டும் போகலாம் என்று வெஸ்லி திட்டமாகச் சொன்னார். போதகருக்கு இந்தப் பக்கம் பிடிக்கும். ஆனால் அதே வெஸ்லி பின்மாற்றக்காரருக்கென்றே, அதாவது விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்கினவர்களுக்கென்றே, ஒரு பிரசங்கம் செய்து, போதகர் உங்கள் வீட்டில் வாசித்த அதே எபிரெயர் வசனத்தை எடுத்து, இது கிறிஸ்துவை வஞ்சகன் என்று பகிரங்கமாகத் தள்ளினவர்களைப் பற்றியது, உங்களைப் பற்றியது அல்ல, விழுந்தவர்கள் எத்தனையோ பேர் எழுந்ததை நான் கண்டிருக்கிறேன் என்றார். நான் மெதடிஸ்தன், எங்கள் ஆளை அரைவாசியாக மேற்கோள் காட்டினால் கோபம் வரும்.

மூன்றாவது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் சொன்னது, தான் கடைசிவரை நிலைப்பேன் என்று விசேஷ வெளிப்பாடு இல்லாமல் ஒருவனும் அடித்துச் சொல்லமுடியாது. கிருபையை இழந்தவனுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, அது கப்பல் உடைந்தவனுக்குக் கிடைக்கிற இரண்டாவது பலகை. ஹார்பர் வேலைக்காரர் வந்து மெழுகுதிரி கொளுத்துகிற கோயிலில் இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை.

மூன்று இடத்திலும் மூன்று பதில்தான், ஒன்று என்று பூசி மெழுக மாட்டேன். ஒல்லாந்தர் தங்கள் காலத்தில் கத்தோலிக்கரைத் துரத்தியவர்கள். ஆனால் மூச்சு இருக்கிறவனுக்கு 'வழி மூடியாச்சு' என்று வீடு தேடிப் போய்ச் சொல்லும்படி மூன்றில் எதுவும் கற்பிக்கவில்லை.

அப்படிச் சொன்ன ஒரு கூட்டம் இருந்தது, உண்மைதான். கி.பி. 250இல் உரோமப் பேரரசன் டெசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டான். எகிப்து மணலில் அந்தப் பத்திரங்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள், சிலர் ஒன்றும் செய்யாமல் காசு கொடுத்துப் பத்திரம் வாங்கினார்கள். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்ற நமக்கு, ஒரு கடதாசிக்காக மனிதன் என்னென்ன செய்வான் என்று தெரியும். அலை ஓய்ந்ததும் விழுந்தவர்கள் திரும்பி வந்து சபை வாசலில் அழுதார்கள். உரோமில் நொவாசியன் என்பவர் 'சேர்க்கமுடியாது' என்று தனிச் சபையே தொடங்கினார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஆரம்பத்தில் கறாராக இருந்தவர், தானே அந்த நேரம் ஒளிந்திருந்தவரும்கூட. 251இல் ஆயர்கள் கூடி, தவம் செய்யட்டும், காலம் எடுக்கட்டும், ஆனால் கதவு திறந்திருக்கும் என்று முடிவு செய்தார்கள். சபை நொவாசியனோடு போகவில்லை.

உங்கள் தம்பி ஒரு பலியும் இடவில்லை. ஒரு பத்திரமும் வாங்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

அந்த வாக்கியத்தில்தான் நான் கொஞ்சம் நிற்கிறேன். நடிக்க ஏலாது. ஒல்லாந்தர் காலத்தில் இந்தத் தீவில் ஞானஸ்நானமும் கலியாணமும் தோம்பு என்ற அரசாங்கப் பதிவேட்டில் பதிந்திருந்தால்தான் பிள்ளைக்குச் சொத்துரிமை, முதலியார் உத்தியோகத்துக்கும் அது வேண்டும். ஆயிரக்கணக்கில் பதிந்தார்கள். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், ஆயிரக்கணக்கில் கோயிலுக்கும் விகாரைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விழவில்லை, விழுவதற்கு முதலில் நிற்கவேண்டுமே. அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் குருக்கள் இல்லாமல், கோயில் இல்லாமல், ஏறத்தாழ 30 வருடம் வீட்டுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசப் வாஸ் அடிகளார் கண்டது அவர்களைத்தான். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்த நாளில் நானும் கூட்டத்தில் நின்றேன், மெதடிஸ்தன் என்றாலும். நிலைத்திருத்தல் என்றால் தனி ஒருவனுடைய வைராக்கியம் என்று நாம் நினைக்கிறோம். அங்கே நிலைத்தது அடுப்படிகள், பாட்டிமார், ஒருவர் சொல்ல மறந்த மந்திரத்தை மற்றவர் எடுத்துக் கொடுத்தது.

பேதுருவுக்கு இயேசு சொன்னதும் இதுதானே. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." பேதுருவின் பிடி அன்று இரவே நழுவிவிட்டது. நழுவாதது வேறு ஒருவருடைய ஜெபம்.

என் கதையும் ஒன்று உண்டு. எனக்கு இருபத்தாறு வயது. அக்கா ஒரு இந்துவைக் கலியாணம் செய்தார். அடுத்த ஞாயிறு அப்போதைய எங்கள் போதகர் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, பிரசங்க பீடத்திலிருந்து அவரைக் கிழித்தார். நான் பாதியில் எழுந்து போனேன். நாலு வருடம் திரும்பவில்லை. முதல் வருடம் கோபம். பிறகு கோபமும் போய், ஒன்றுமே இல்லாமல் போனது; ஞாயிற்றுக்கிழமை காலை நித்திரை, பின்னேரம் கிரிக்கெட். அந்த ஒன்றுமில்லாமைதான் கோபத்தைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது.

சபையில் ஒரு தாத்தா இருந்தார், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து இளைப்பாறினவர். ஒவ்வொரு வருடமும் அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்த பின்னேரம், எங்கள் வீட்டுப் படியில் மூச்சு வாங்க ஏறி வருவார். கையில் ஒரு பூசணிக்காய். "உன்ர பேரில கேட்டனான் தம்பி. நூற்றைம்பதுக்கு விழுந்தது. ஆறுதலாத் தா." அவ்வளவுதான். தேத்தண்ணி குடிப்பார், முழங்கால் நோவைப் பற்றிக் கதைப்பார், போய்விடுவார். சபைக்கு வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் காசு கொடுக்கவும் இல்லை, எரிச்சலில். நாலாவது வருடம் பொருளாளரின் கொப்பியில் என் பெயருக்கு நேரே 825 ரூபா கடன் நின்றது. கடன்காரனாக இருக்கக் கூச்சமாகி, ஒரு ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் பார்த்துக் கட்டப் போனேன். முடிந்திருக்கவில்லை. கடைசிப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பின் வாங்கில் உட்கார்ந்தேன். கண்ணீர், வெளிச்சம் ஒன்றும் இல்லை. வெட்டாத ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

அதே தாத்தா என் கூட்டாளி ஒருவனுக்கும் அதே வருடங்களில் வாழைக்குலை கொண்டுபோனார். அவன் திரும்பவில்லை. இன்று வெளிநாட்டில் இருக்கிறான், நல்ல மனிதன், நம்பிக்கை இல்லை என்று இப்போதும் சொல்கிறான். ஆகவே பூசணிக்காய்க்கு உத்தரவாதம் கிடையாது. பவுலுக்குத் தேமா இருந்தான், இரண்டு நிருபங்களில் பவுலோடு சேர்ந்து வாழ்த்துச் சொல்கிறவனாக வருகிறான், 2 தீமோத்தேயு 4இல் உலகத்தை நேசித்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான். அவனுடைய முடிவு எழுதப்படவில்லை. அடுத்த வசனத்திலேயே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இந்த மாற்குதான் ஒருகாலம் பம்பிலியாவில் விட்டுப்போனவன். அவனைச் சேர்க்கமாட்டேன் என்று பர்னபாவோடு சண்டை பிடித்துப் பிரிந்தவரும் இதே பவுல்தான். அந்தச் சண்டை நாளில் மாற்குவைப் பற்றிக் கேட்டிருந்தால், பவுல் உங்கள் போதகரைப் போலத்தான் பேசியிருப்பார்.

இனி வீட்டு விஷயம். தம்பிக்கு நடந்தது என்ன என்று யாரும் அவனிடம் கேட்டதாக உங்கள் கேள்வியில் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கோயிலுக்குள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் வராமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அது பயம். சபையில் ஆள் காயப்படுத்தியிருந்தால் அது வேறு. வாசித்து, யோசித்து, பதில் கிடைக்காமல் போயிருந்தால் அது இன்னும் வேறு. ஏழு வருடம் ஒரு ஞாயிறும் லீவு இல்லாமல் வாசித்த பிள்ளைக்கு வெறும் களைப்பாகவும் இருக்கலாம். பெரிய மைக் வைத்த சபைகளில் இசைப் பொடியங்களைப் பிழிகிற பிழிவை நான் கண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் 'பின்மாற்றம்' என்று ஒரே லேபல் ஒட்டினால் மருந்தும் மாறிப்போகும்.

அம்மாவுக்கு மொனிக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். மகன் அகஸ்டின் ஒன்பது வருடம் மானி மதத்தில் இருந்தான். மொனிக்கா ஒரு ஆயரிடம் போய், அவனோடு பேசித் திருத்துங்கள் என்று கெஞ்சினார். அந்த ஆயர் மறுத்துவிட்டார். இப்போது சொன்னால் ஏறாது, விடுங்கள், ஜெபம் மட்டும் பண்ணுங்கள், வாசித்து அவனே கண்டுபிடிப்பான், நானும் சிறுவயதில் அந்த மதத்தில் வளர்ந்தவன்தான் என்றார். தாய் விடாமல் அழ, சலித்துப்போய், போங்கள், இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போவது நடக்காது என்றார். எல்லோரும் அந்தக் கடைசி வரியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது முன்னால் இருப்பது: பேசப் போகமாட்டேன் என்று மறுத்தது. அந்த மகன்தான் வயதான காலத்தில், நிலைத்திருத்தல் என்பது தேவன் கொடுக்கிற வரம் என்று தனி நூலே எழுதினார்.

போதகர் மறுபடி வருகிறேன் என்றால், தேத்தண்ணிக்கு வரச் சொல்லுங்கள், வேதாகமத்தை வாகனத்தில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாமாவை அம்மாவோடு தனியே விடவேண்டாம். தம்பியிடம் நீங்கள் ஒருதரம், ஒரேயொருதரம், "என்னடா நடந்தது" என்று கேளுங்கள். அவன் சொல்வதற்கு உடனே வசனம் எடுக்காதீர்கள்.

கீபோட்டைக் கொடுக்கவேண்டாம். அது அவனுடையது. துணியை எடுத்துவிட்டு, பிளக் வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள், கடற்கரைப் பக்க வீடென்றால் உப்புக்காற்றில் கட்டைகள் இறுகிப்போய்விடும்.